ஸாலே ஆற்றங்கரையில் 'மலபார்' மொழி

வெள்ளறடைக்காரர்களிடம் வெளியூரார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: நீங்கள் தமிழரா, மலையாளியா? பாறசாலையைச் சுற்றியும் நெய்யாற்றின்கரையின் கிழக்குப் பகுதியிலும் பிறந்த எவரும் இக்கேள்விக்குப் பலமுறை விடை சொல்லிச் சலித்திருப்பர். பனச்சமூட்டில் கடைத்தெருவின் ஒரு பகுதி கேரளம், மறுபகுதி தமிழ்நாடு. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளர்வது இங்கே யாருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆவணத் தேடலுக்காக ஜெர்மனியின் ஹாலே நகருக்குச் சென்றிருந்தபோது, இதே கேள்வியை வேறொரு வடிவில் எதிர்கொள்ள நேர்ந்தது. அங்குள்ள பதினெட்டாம் நூற்றாண்டு ஏடுகளில் தமிழுக்குப் பெயர் 'மலபார் மொழி'. தமிழருக்குப் பெயர் 'மலபாரியர்'. தரங்கம்பாடியில் வாழ்ந்த ஒரு சோழநாட்டு வேளாளரையும் அந்த ஏடுகள் மலபாரியர் என்றே குறிக்கின்றன.

ஹாலே நகரைப் பற்றியும், அந்நகருக்கும் நம் எல்லையோர ஊர்களுக்கும் இடையில் இருநூறு ஆண்டுகளாக ஓடிவரும் ஒரு நூலிழையைப் பற்றியும் இப்பதிவில் எழுத விரும்புகிறேன்.

உப்பும் இசையும்

ஹாலே கிழக்கு ஜெர்மனியில், ஸாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில், ஸாலே ஆற்றின் கரையில் அமைந்தது. எல்பே ஆற்றில் சென்று கலக்கும் இந்த ஸாலே அகன்ற பேராறு அன்று. நம் நெய்யாற்றைக் கண்டு பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. நெய்யாற்றின்கரை தன் ஆற்றைப் பெயரிலேயே சுமப்பதுபோல், இந்நகரமும் 'ஸாலே ஆற்றின் மேலமைந்த ஹாலே' என்றே முழுப்பெயரில் வழங்கப்படுகிறது. ஹாலே என்னும் சொல்லை உப்போடு தொடர்புபடுத்துவது வழக்கம். நகரின் அடியில் உப்பு நீரூற்றுகள் உண்டு. அந்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தவர்கள் 'ஹாலோரன்' எனப்பட்டனர். தமக்கென உடையும் சடங்கும் கூட்டமைப்பும் கொண்டிருந்தனர். பழைய உப்பளம் இன்று அருங்காட்சியகம். அவர்களுடைய பெயரை நகரின் புகழ்பெற்ற இனிப்பு உருண்டைகளும் தாங்கி நிற்கின்றன.

சந்தைச் சதுக்கத்தில் நின்றால் ஐந்து கோபுரங்கள் ஒருசேரக் கண்ணில் படும். நான்கு, சந்தை ஆலயத்துக்கு உரியவை. ஐந்தாவது, தனித்து நிற்கும் செங்கோபுரம். 1546இல் மார்ட்டின் லூதரின் உடலை விட்டன்பெர்க்குக் கொண்டுசென்ற வழியில் இந்த ஆலயத்தில்தான் ஓரிரவு வைத்திருந்தனர். அவருடைய மரண முகவார்ப்பு இன்றும் இங்குள்ளது. இதே ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றவர் இசைமேதை ஹாண்டெல். 1685இல் ஹாலேயில் பிறந்து, இத்தாலியில் முதிர்ந்து, லண்டனில் வாழ்ந்து, 1727இல் ஆங்கிலக் குடியுரிமை பெற்றவர் அவர். 1859இல் சதுக்கத்தின் நடுவே அவருக்குச் சிலை எழுப்பினர். அதே ஆண்டில்தான் நம் திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டத்தின் முடிவாக அரச அறிவிப்பு வெளியாயிற்று என்பது சிலையின் அடியில் நின்றபோது நினைவுக்கு வந்தது.

மாநிலத் தொல்வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள நெப்ரா வான்வட்டைப் பார்க்காமல் எவரும் ஹாலேயை விட்டுச் செல்வதில்லை. பச்சைநிறம் படிந்த வெண்கலத் தட்டில் பொன்னால் பதித்த சூரியனோ முழுநிலவோ ஒன்று, பிறை, விண்மீன்கள். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைக்கப்பட்டு, 1999இல் புதையல் தேடிகளால் திருட்டுத்தனமாகத் தோண்டியெடுக்கப்பட்டது. அதன் செம்பு ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலிருந்தும், பொன் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்தும் வந்தவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு நிலத்தின் பெருமைமிகு சின்னம் பல நிலங்களின் பொருள்களால் ஆனது. ஆவணக்காப்பகத்துக்குள் நுழையும் முன் இதைப் பார்த்துவிட்டுச் சென்றது நல்லதாயிற்று.

அநாதை இல்லத்தின் மேல்மாடி

தமிழ் ஆய்வாளர்களை ஹாலேக்கு இழுப்பது ஃபிராங்கே அறநிறுவனம். 1690களில் நகருக்கு வெளியே இருந்த கிளௌகா என்னும் ஏழ்மையான குடியிருப்பின் போதகராக இருந்தவர் அவுகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பள்ளி தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்தின் பெருங்கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். பின்னர் மருந்தகம், அச்சகம், புத்தக வணிகம், விவிலியப் பதிப்பகம், பல நிலைப் பள்ளிகள் என ஒரு சிறு நகரமே அங்கு எழுந்தது. மருந்தும் நூலும் விற்றுக் கிடைத்த வருவாய் பள்ளிகளைத் தாங்கிற்று.

கட்டடத்தின் உச்சி மாடியில் கலை, இயற்கைப் பொருள் கூடம் உள்ளது. ஓவியம் தீட்டிய பேழைகளில் சங்குகள், கற்கள், பாடம் செய்த உயிரினங்கள், பல நாட்டு ஆடைகள், வழிபாட்டுப் பொருள்கள். விதானத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. ஏறத்தாழ 3,000 பொருள்கள், பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் வைத்த முறையிலேயே உள்ளன. தென்னிந்தியாவிலிருந்து மிஷனரிகள் அனுப்பியவையும் அவற்றுள் அடக்கம். பிள்ளைகள் உலகத்தைக் கண்ணால் கண்டு கற்பதற்காக உருவாக்கிய கூடம் இது. ஊரைவிட்டு வெளியே சென்றிராத ஓர் அநாதைச் சிறுவன் தமிழ் ஓலைச்சுவடியைப் பார்த்திருக்கக்கூடிய இடம். அருகில் 1728இல் கட்டிமுடிக்கப்பட்ட நூலகம். நாடக மேடையின் பக்கத்திரைகளைப் போல அலமாரிகள் இருபுறமும் வரிசையாக நீண்டு நிற்கும் கூடம்.

இவை இன்று இருப்பதே ஒரு நற்பேறு. 1946இல் இந்த அறநிறுவனம் கலைக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மன் ஆட்சியில் கட்டடங்கள் சிதைந்தன. அநாதை இல்லத்தின் முகப்பை உரசுவதுபோல் ஒரு மேம்பாலச் சாலையும் எழுந்தது. நாடு ஒன்றிணைந்த பிறகு நிறுவனத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். பவுல் ராபே என்னும் நூலக அறிஞரின் முயற்சியால் கூரைகளும் சுவர்களும் மீண்டன. மேம்பாலம் மட்டும் இன்றும் அங்கேயே நிற்கிறது.

ஒரு தவறான பெயரின் வரலாறு

டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் ஆணைப்படி 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளுட்சௌவும் ஹாலே வட்டத்தில் உருவானவர்கள். அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஹாலேயில் பயின்றவர்களே. ஷுல்ட்ஸே, ஃபப்ரீசியுஸ், ஸ்வார்ட்ஸ் ஆகிய பெயர்கள் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்களுக்குத் தெரிந்தவை. தரங்கம்பாடி அச்சகத்துக்கான முதல் தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில்தான் வார்க்கப்பட்டன. 1713இல் கப்பலேறி வந்தன. அவை அளவில் மிகப் பெரியவையாக இருந்ததால் தாள் விரைவில் தீர்ந்தது. பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர் என்று மிஷன் வரலாறு கூறும்.

1716இல் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் இலத்தீன் விளக்கங்களோடு ஹாலேயில் அச்சாயிற்று. அதன் தலைப்புப் பக்கமே நம் கேள்விக்கு முதல் சான்று. 'தமுலிக்கா' என்று மொழிக்குப் பெயர் சொல்லிவிட்டு, 'அல்லது மலபாரிக்கா' என்றும் அது விளக்குகிறது. தமிழர் தம் மொழியைத் தமிழ் என்றே அழைத்தனர் என்பது சீகன்பால்குவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஐரோப்பிய வாசகருக்கு 'மலபார்' என்றால்தான் விளங்கும்.

இந்தப் பெயர் எப்படி வந்தது? போர்த்துகீசியர் 1498இல் முதலில் வந்திறங்கியது மேற்குக் கரையில். அரபு வணிகர் வழங்கிய 'மலபார்' என்னும் நிலப்பெயரை அவர்கள் எடுத்துக்கொண்டனர். பின்னர் குமரிமுனை சுற்றி முத்துக்குளித்துறையை அடைந்தபோது, அங்கே கேட்ட மொழியையும் அதே பெயரால் அழைத்தனர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அதன் போர்த்துகீசியத் தலைப்பில் மொழியின் பெயர் 'மலபார் தமுல்'. தமிழ் அச்சின் முதல் நூல் இன்று கேரளத்தில் உள்ள ஒரு துறைமுகத்தில் பிறந்தது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1707இல் டச்சுக்காரர் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் 'மலபாரியரின்' வழக்கங்கள் என்றே குறிக்கப்பட்டது. ஃபப்ரீசியுஸும் அவருடைய தோழரும் 1779இல் சென்னை வேப்பேரியில் வெளியிட்ட அகராதி, தன் தலைப்பிலேயே 'மலபார் – ஆங்கில அகராதி' என்று சொல்லிவிட்டு, ஐரோப்பியர் மலபார் என்று பொதுவாக அழைக்கும் தமிழ்மொழியின் சொற்கள் இவை என்று விளக்கமும் தருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. 'மலபார்' மேற்குக் கரையின் ஆங்கிலேய மாவட்டம் ஒன்றுக்கு உரிய பெயராகச் சுருங்கியது. 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் தமிழையும் மலையாளத்தையும் திராவிடக் குடும்பத்தின் தனித்தனி மொழிகளாக வரிசைப்படுத்தியது. ஸ்டுட்கார்ட்டில் பிறந்து, முதலில் தமிழ் கற்று, பின்னர் மேற்குக் கரைக்குச் சென்ற ஹெர்மன் குண்டர்ட் 1872இல் வெளியிட்ட அகராதியின் தலைப்பில் 'மலையாளம்' என்னும் பெயர் ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. பழைய ஏடுகளில் ஒரே பெயரின்கீழ் வந்தவை இப்போது இரு பெயர்களின்கீழ்ப் பிரிந்து அடுக்கப்பட்டன.

இதிலிருந்து தமிழும் மலையாளமும் ஒன்றே என்றோ, ஒன்று மற்றதன் கிளை என்றோ முடிவு கட்டுவது பிழை. அயலார் வைத்த பெயர் மொழியின் இயல்பைச் சொல்வதில்லை. பெயர் வைத்தவர் எந்தத் துறைமுகத்தில் முதலில் இறங்கினார் என்பதையே சொல்கிறது. அரசு ஆவணங்களில் நம்மைக் குறிக்கும் பெயர்களையும் இந்த நிதானத்தோடு வாசிக்க வேண்டும் என்பதே நான் பெற்ற பாடம்.

விடையெழுதியவர்கள்

1710 முதல் 1772 வரை தரங்கம்பாடிச் செய்திகள் 'ஹாலே அறிக்கைகள்' என்னும் தொடராக அச்சாகி ஐரோப்பா முழுவதும் வாசிக்கப்பட்டன. அவற்றுள் தனித்து நிற்பது 'மலபாரியக் கடிதப் போக்குவரத்து'. 1712 முதல் 1714 வரை தமிழர் பலரிடம் சமயம், ஒழுக்கம், கல்வி, சாதி, திருமணம், மருத்துவம் பற்றி மிஷனரிகள் வினா எழுப்ப, அவர்கள் எழுதிய விடைகளின் ஜெர்மன் பெயர்ப்பு அது. 1714இல் 55 கடிதங்களும் 1717இல் 44 கடிதங்களும் வெளியாயின. கிறித்தவர்களாகிய உங்களிடம் நாங்கள் காணும் குறைகள் இவை என்று அஞ்சாமல் எழுதியவர்கள் அவற்றில் உண்டு. ஐரோப்பிய வாசகர்கள் ஓர் ஆசியச் சமூகத்தின் உறுப்பினர்கள் தம்மைப் பற்றித் தாமே பேசுவதை இவ்வளவு விரிவாகக் கேட்க வாய்த்த தொடக்ககாலத் தருணங்களுள் இது ஒன்று.

ஆனால் அச்சில் கடிதங்கள் இருக்கின்றன, எழுதியவர்களின் பெயர்கள் இல்லை. மொழிபெயர்த்தவர் பெயரும் அடிக்குறிப்பு எழுதியவர் பெயரும் வரலாற்றில் நின்றன. பல கடிதங்களை மொழிபெயர்ப்பாளர் அழகப்பனே எழுதியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஜெர்மன் ஏடுகளில் அவர் 'அலெப்பா'. சீகன்பால்குவோடு 1714இல் ஐரோப்பா சென்ற மலையப்பன் 'பீட்டர் மலையப்பன்' எனக் குறிக்கப்படுகிறார். தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சான அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவில் இருந்த தமிழர் அவர். நம் ஆய்வுகளில் அவருக்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம் கிடைப்பது அரிது.

ஹாலேயின் திறந்த மனத்துக்கு எல்லையும் இருந்தது. தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றி 1713இல் சீகன்பால்கு எழுதி முடித்த பெருநூலை அன்று யாரும் அச்சிடவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல் சென்னையில்தான் அது நூலாயிற்று. 1721இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் மெய்யியலாளர் கிறிஸ்டியன் வோல்ஃப், சீனரின் ஒழுக்கவியலைப் போற்றி உரையாற்றினார். கிறித்தவ வெளிப்பாடு இல்லாமலே மனிதர் அறவழியில் வாழ முடியும் என்பது அதன் உட்பொருள். ஃபிராங்கேயின் அணியினர் வெகுண்டனர். 1723இல், 48 மணி நேரத்துக்குள் வெளியேறாவிட்டால் தூக்குத் தண்டனை என்று அரசர் ஆணையிட்டார். 1740இல்தான் வோல்ஃப் திரும்ப முடிந்தது. இடைப்பட்ட காலத்தில், 1727இல், இன்றைய கானாவின் அக்சிமில் பிறந்த ஆன்டன் வில்ஹெல்ம் அமோ இதே பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1729இல் ஐரோப்பாவில் கறுப்பினத்தவரின் சட்ட உரிமை பற்றி இங்கு வாதுரை நிகழ்த்தினார். பின்னர் இங்கேயே கற்பித்தார். அந்த வாதுரையின் ஏடு கிடைக்கவில்லை. அமோவின் நினைவாக 1965இல் எழுந்த சிலைதான் இருக்கிறது.

ஒரே தலைமுறையில் ஒரே நகரம் தமிழ் எழுத்தை வார்த்தது, ஆப்பிரிக்க அறிஞருக்கு இடமளித்தது, சீனரைப் புகழ்ந்தவரை விரட்டியது. இந்த முரண் பழங்கதையாகவும் போய்விடவில்லை. 2019 அக்டோபர் 9 அன்று, யூதர்களின் புனித நாளில், ஹாலேயின் யூதத் தொழுகைக்கூடத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய ஒருவன் முயன்றான். கதவு தாங்கியது, உள்ளிருந்தோர் பிழைத்தனர். வெளியே இருவர் உயிரிழந்தனர். பல்லின நகரம் என்பது ஒருமுறை ஈட்டி வைத்துக்கொள்ளும் பட்டம் அன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதை மீண்டும் காக்க வேண்டியிருக்கிறது.

ஸாலேயிலிருந்து மயிலாடிக்கு

இனி நம் பக்கம். வில்ஹெல்ம் தோபியாஸ் ரிங்கல்தௌபே சைலீசியாவில் 1770இல் ஒரு போதகரின் மகனாகப் பிறந்து ஹாலேயில் இறையியல் கற்றவர். லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1804 இறுதியில் தரங்கம்பாடியில் இறங்கினார். ஓராண்டுக்கு மேல் அங்கே தமிழ் பயின்றார். சீகன்பால்குவின் ஊரில், ஹாலேயின் ஆசிரிய மரபில் அவர் கற்றது அந்த 'மலபார்' மொழியைத்தான்.

அவரைத் தென் திருவிதாங்கூருக்குத் திருப்பியவர் மயிலாடியைச் சேர்ந்த மகராசன், திருமுழுக்குக்குப் பின் வேதமாணிக்கம். ஒடுக்கப்பட்ட சாம்பவர் குடியில் பிறந்த அவர், சிதம்பரம் யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில் தஞ்சையில் கோல்ஹோஃபின் போதனையைக் கேட்டார். கோல்ஹோஃப் தரங்கம்பாடியில் பிறந்தவர், ஸ்வார்ட்ஸிடம் வளர்ந்தவர். ஊர் திரும்பிய வேதமாணிக்கம் தம் உறவினரைச் சேர்த்தார். தம் நாட்டுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று தொடர்ந்து கேட்டார். 1806 ஏப்ரலில் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மயிலாடியை அடைந்தார். ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மெக்காலேயின் துணையால் ஆலயம் கட்ட அரசின் இசைவு கிடைத்தது. தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி முதலிய ஊர்களிலும் சபைகளும் பள்ளிகளும் தோன்றின. 1816இல் உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே, பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்துவிட்டுக் கடலேறினார். அதன்பின் அவர் என்ன ஆனார் என்பது எவருக்கும் தெரியாது.

இந்த ஒப்படைப்பு பாடநூல்களில் ஒரு வரியாகக் கடந்துபோகும். ஆனால் அன்றைய திருவிதாங்கூரில் பொதுவழியில் நடக்கவே உரிமையற்றிருந்த ஒரு குடியின் மனிதர், ஹாலேயில் கற்ற ஒருவரின் இடத்தில் நின்று சபைகளை நடத்தினார். அடுத்த ஐரோப்பியரான சார்லஸ் மீட் வரும்வரை பொறுப்பு வேதமாணிக்கத்தின் கையில் இருந்தது. மிஷன் வரலாறு ஐரோப்பியரின் வருகைகளால் எண்ணப்படுகிறது. அந்த வருகைகளுக்கு இடைப்பட்ட காலங்களும் வரலாறுதான்.

நாகர்கோவில், நெய்யூர் வழியாக அப்பணி மேற்கே நகர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாறசாலை, ஜான் ஆப்ஸ் தங்கிப் பணியாற்றிய மிஷன் நிலையமாக விளங்கிற்று. தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும் நிலத்துக்கு அது வந்து சேர்ந்திருந்தது. வெள்ளறடையைச் சுற்றிய ஊர்களில் இன்று மலையாளத்தில் ஆராதனை நடத்தும் பல சபைகளின் முன்னோர், தமிழ் விவிலியத்திலிருந்து எழுத்துக் கற்றவர்கள். ஸாலேக் கரையில் வார்த்த எழுத்தின் வழித்தோன்றல்கள் நம் பாட்டிமாரின் கைகளில் இருந்தன என்று சொல்வது மிகையாகாது.

1956க்குப் பிறகு

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தில் நின்றது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டின் ஈகம் ஒருபுறம் மாவட்ட வரலாறாக எழுதப்பட்டது. மறுபுறத்தில் எஞ்சியவர்களின் வரலாறு இரு மாநிலங்களின் பாடநூல்களிலும் இடம்பெறவில்லை. மயிலாடி கன்னியாகுமரியின் வரலாறு. பாறசாலை திருவனந்தபுரத்தின் வரலாறு. ஒரே மிஷனின் ஒரே தொடர்ச்சி இரு பல்கலைக்கழகங்களின் இரு துறைகளில், இரு மொழிகளில், ஒன்றையொன்று வாசிக்காத ஆய்வேடுகளாகப் பிரிந்து கிடக்கிறது.

காப்பகங்களின் நிலையும் அதுவே. தரங்கம்பாடியின் தாள்கள் ஹாலேயில் உள்ளன. ரிங்கல்தௌபே திருவிதாங்கூரிலிருந்து எழுதிய அறிக்கைகளோ அவரை அனுப்பிய சங்கத்துக்குச் சென்றன. அச்சங்கத்தின் ஆவணங்கள் இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விப் புலத்தில் உள்ளன. எல்லையோர மாணவர் ஒருவர் தம் ஊரின் இருநூறு ஆண்டுக் கதையை அறிய ஜெர்மன், ஆங்கிலம், தமிழ், மலையாளம் ஆகிய நான்கும் வேண்டியிருக்கின்றன. அந்த நான்கில் இரண்டு, நம் பிள்ளைகள் பிறக்கும்போதே கொண்டுவரும் செல்வம். நாம் அதைக் குழப்பம் என்று சொல்லிச் சொல்லி அவர்களை வெட்கப்பட வைத்திருக்கிறோம்.

ஹாலேயில் நான் மிகவும் போற்றியது ஒன்றுண்டு. மூன்று நூற்றாண்டுக் கடிதங்களை அவர்கள் பெட்டிகளில் அடுக்கி, எண் கொடுத்து, ஈரப்பதம் பார்த்துக் காக்கின்றனர். ஹாலே அறிக்கைகளை இணையத்தில் யாரும் படிக்கலாம். நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். அதே வேளையில் நம் பழைய சபைகளின் திருமுழுக்குப் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் தமிழ்க் கிரயப் பத்திரங்கள் ஆகியவை கறையானுக்கும் மழைக்கும் இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெயர்கள் இருக்கின்றன. ஹாலேயில் அச்சான கடிதங்களில் இல்லாத பெயர்கள்: தந்தை பெயர், தாய் பெயர், ஊர், தொழில்.

எனவே இப்பதிவை வாசிக்கும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் எளியது. உங்கள் ஊரின் மிகப் பழைய பதிவேடு எதுவென்று கேளுங்கள். பொறுப்பில் உள்ளவர்களின் இசைவோடு ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துவையுங்கள். அது எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, எந்த ஆண்டில் மொழி மாறுகிறது, மாறிய பக்கத்தில் எழுதியவரின் கையெழுத்து மாறுகிறதா என்று குறித்துவையுங்கள். ஆய்வேடு பிறகு எழுதலாம்.

அடுத்த முறை வெளியூரார் ஒருவர் நீங்கள் தமிழரா, மலையாளியா என்று கேட்டால், ஹாலேயின் ஏடுகளில் இரண்டுக்கும் முன்பே நமக்கு ஒரு மூன்றாம் பெயர் இருந்தது என்று சொல்லலாம். அதுவும் பிறர் வைத்த பெயர்தான். நம் முன்னோர் தம்மை என்னவென்று எழுதிக்கொண்டனர் என்பதை அறிய, பனச்சமூட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள ஏதோவொரு ஆலயத்தின் அலமாரியைத் திறந்தால் போதும்.